காலில் கம்பி வைத்தவர் மேசன் வேலைக்கு எப்போது திரும்பலாம்?

கோண்டாவில் தம்பி:
அண்ணா மேசன். வேலைத்தளத்தில் சாரத்தில் இருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார், பிசியோவுக்கும் ஒழுங்காகப் போகிறார். எலும்பு பொருந்திவிட்டது என்று கிளினிக்கில் சொன்னதுதான் தாமதம், அடுத்த கிழமையே சாரம் ஏறப்போகிறேன் என்று நிற்கிறார். அண்ணியோ இனி அந்த வேலையே வேண்டாம் என்கிறார். நான் யார் பக்கம் பேசுவது?

பிசியோ அக்கா:
தம்பி, முதலில் அண்ணியிடம் சொல்லுங்கள், அண்ணாவின் நம்பிக்கையை உடைக்க வேண்டாம். திரும்பவும் வேலை செய்வேன் என்று எதிர்பார்க்கிறவர்கள்தான் பெரும்பாலும் வேலைக்குத் திரும்புகிறார்கள், ஆய்வுகளும் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஆனால் அடுத்த கிழமை என்பது அவசரம். எலும்பு பொருந்தினாலும் தொடைத் தசையும் கணுக்காலும் பழைய பலத்துக்கு வர மேலும் மாதங்கள் எடுக்கும். கம்பியைப் பெரும்பாலும் முழங்கால் சில்லுக்குக் கீழேதான் செலுத்துவார்கள், அதனால் முறிவு ஆறின பிறகும் பலருக்கு முழந்தாளிட்டால் நோகும். டைல்ஸ் பதிக்கும்போது அது நன்றாகத் தெரியும். அடுத்த முறை கிளினிக்கில் "எப்ப வேலைக்குப் போகலாம்" என்று மட்டும் கேட்காமல், குந்தி எழும்பலாமா, ஏணி ஏறலாமா, 50 கிலோ சீமெந்துப் பை தூக்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்லுங்கள். மேசன் வேலையில் என்னென்ன செய்கிறார் என்று தெரிந்தால்தான் பிசியோவில் அதற்கேற்ற பயிற்சி கொடுக்க முடியும். புகைப்பவர் என்றால் நிறுத்தட்டும், எலும்பு ஆறுவதை அது பிந்தவைக்கும்.

சுன்னாகம் வயரிங்:
எனக்கும் கால் முறிந்து வேலைக்குத் திரும்பினவன் என்ற முறையில் சொல்கிறேன், பாஸோடு இப்பவே கதையுங்கள். முழுநாளும் வேண்டாம், முதலில் நிலத்தில் நின்று செய்யும் பூச்சு வேலை, அரைநாள், பிறகு பார்த்துக் கூட்டலாம். எனக்கு அப்படி விட்டபடியால்தான் நிலைத்தேன். நாட்சம்பளக்காரனுக்கு அரைநாள் காசு காணாது, அது உண்மை, அதனால் வீட்டில் முன்கூட்டியே கணக்குப் பார்த்துவிடுங்கள்.

நல்லூரான்:
வேலைத்தளத்தில் நடந்த விபத்து என்றால் நட்டஈடு கேட்டீர்களா? இலங்கையில் அதற்கான கட்டளைச் சட்டம் 1934 முதல் இருக்கிறது. கிளினிக் புத்தகம், எக்ஸ்ரே எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள். கையில் கொஞ்சம் காசு வந்தால் அவசரமும் குறையும்.

கோண்டாவில் தம்பி:
நன்றி அக்கா, அண்ணைமார். நட்டஈட்டைப் பற்றி யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை. அண்ணாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன், சாரத்தைப் பற்றி இன்னும் பிடிவாதம்தான், ஆனால் பாஸுக்குப் போன் எடுக்கச் சம்மதித்துவிட்டார்.