குளிர்கிற ஊர்ல வார இறுதிக்கு விருந்தாளி: படுக்கை எப்படி, எவ்வளவு சுத்தலாம்?

மூணாவது மாடி
வெள்ளிக்கிழமை ராத்திரி சித்தி வர்றாங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரயில். வெயில் ஊர்லயே இருந்தவங்க. அறுபது தாண்டியாச்சு, முட்டிவலி உண்டு. வீட்டுல ஒரே படுக்கையறைதான், அதனால ஹால்ல காத்து மெத்தை போடலாம்னு இருக்கேன். இங்க இலையுதிர்காலம்: பகல்ல 12 டிகிரி, ராத்திரி 5 வரைக்கும் இறங்குது. மெத்தை குளிராம, விடியறதுக்குள்ள தொங்கிப் போகாம இருக்க என்ன செய்யணும்? ரெண்டு நாள்ல எவ்வளவு இடம் காட்டலாம்? ஏழெட்டு இடம் குறிச்சு வெச்சிருக்கேன்.

கம்பளி
முதல்ல மெத்தையோட உயரத்தைப் பாருங்க. ஒத்தை அடுக்கு மெத்தை 20-25 செ.மீ.தான் இருக்கும், முட்டிவலிக்காரங்க அதுலேர்ந்து எழுந்திரிக்கிறது பெரும்பாடு. நாற்காலி உயரத்துக்கு, அதாவது 45 செ.மீ. கிட்ட வர்ற ரெட்டை அடுக்குதான் சரிப்படும்.

காத்து இறங்கிடுச்சுன்னா உடனே ஓட்டைன்னு நினைக்காதீங்க. மெத்தையோட புது பிவிசி பிளாஸ்டிக் முதல் சில மணி நேரத்துல இழுபட்டுக் கொடுக்கும். அதோட, அறை 22 டிகிரியிலேர்ந்து 16க்கு வந்தா உள்ள இருக்கிற காத்து ஏறக்குறைய 2% சுருங்கும். கேக்க அற்பமா இருக்கும். ஆனா மெத்தையோட விறைப்பே அந்தக் கொஞ்சூண்டு கூடுதல் அழுத்தத்துலதான் நிக்குது. அதனால முந்தின நாளே ஊதி ஒரு ராத்திரி விட்டுருங்க, படுக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பம்ப் பண்ணுங்க. அதுக்கப்புறமும் இறங்கினா வால்வு ஓரத்துல சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. வாஷர்ல ஒட்டியிருக்கிற தலைமுடியோ மணலோதான் பெரும்பாலும் காரணம்.

குளிர் கீழேர்ந்து வரும். உடம்புச் சூடு மெத்தைக்குள்ள இருக்கிற காத்துக்குப் போகும், அந்தக் காத்து சுழன்று தரைக்குக் கொண்டு போயிடும். மேல மூணு போர்வை போத்தினாலும் முதுகு சில்லுன்னுதான் இருக்கும். மெத்தைக்கு மேல யோகா பாய் மாதிரி ஒரு ஃபோம் விரிப்பு, அதுக்கு மேல கம்பளி, கடைசியா பெட்ஷீட். வரிசை இதுதான். நிறைய பேர் கம்பளியை மெத்தைக்கு அடியில போடுறாங்க. அது தரையில உராயாம காக்கும், சூட்டுக்குப் பெருசா உதவாது.

தூறல்
கம்பளி சொன்னதெல்லாம் சரி, ஆனா அந்த மெத்தையில படுக்க வேண்டியது நீங்க. சித்திக்குக் கட்டிலைக் கொடுங்க. "எனக்கு எதுக்குப்பா, நான் ஹால்லயே படுத்துக்கறேன்"னு கண்டிப்பா சொல்வாங்க. அவங்க வர்றதுக்கு முன்னாடியே படுக்கையை மாத்தி, வந்ததும் பெட்டியை நேரா அந்த அறைக்குக் கொண்டு போயிட்டா பேச்சுக்கே இடமில்ல. கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு சின்ன நைட் லேம்ப் வைங்க. சுருட்டிக்கிற மிதியடி எதுவும் வழியில வேண்டாம்.

தனி ஹீட்டர் வெச்சா போர்வை, திரைச்சீலையிலேர்ந்து ஒரு மீட்டராவது தள்ளி வைங்க. 1500-2000 வாட் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடாதீங்க, வயர் சூடாகும். அதே லைன்ல கெட்டிலும் ஓடினா ட்ரிப் ஆக வாய்ப்பு அதிகம். அடுப்பைப் பத்த வெச்சு அறையைச் சூடாக்குற வேலையே கூடாது, கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து.

ஆளுக்கு ரெண்டு துண்டு எடுத்து வைங்க. இந்தப் பருவத்துல ஈரத்துண்டு ஒரு நாள்ல காயாது. ஹீட்டர் போட்ட அறையில உதடும் தொண்டையும் வறண்டு போகும், அதனால தலைமாட்டுல தண்ணி, கொஞ்சம் வாஸ்லின்.

ரயிலடி
ஏழெட்டு இடமெல்லாம் ஆகாது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம். அதுலேர்ந்து பத்து நிமிஷ நடையில கூரையுள்ள இன்னொரு இடம், மழை வந்தா ஒதுங்க. ரெண்டும் ஒரே பகுதியில இருக்கணும். பூங்கா ஒரு மூலை, மியூசியம் இன்னொரு மூலைன்னா பொழுது பஸ்லயே போயிடும்.

திறந்தவெளி எல்லாம் காலை பத்துலேர்ந்து மூணு வரைக்கும். அப்புறம் வெளிச்சமும் போகும், சூடும் போகும். மியூசியத்துல மூடுற நேரத்தைப் பாக்காம, கடைசி நுழைவு நேரத்தைப் பாருங்க. பல இடத்துல அரை மணி, முக்கால் மணி முன்னாடியே நிறுத்திடுவாங்க.

ரயில் பாதை பராமரிப்பை வார இறுதிக்குத்தான் ஒதுக்குவாங்க. வெள்ளி சாயங்காலம் ஒரு தடவை பாத்துருங்க, பாதி வழியில இறக்கிவிட்டு மாற்றுப் பஸ்ல ஏத்தினா முட்டிவலியோட கஷ்டம். ஓட்டப் பந்தயத்துக்காக ரோட்டை அடைச்சிருக்காங்களான்னும் பாருங்க, மாரத்தான் சீசன் இது: பெர்லின்ல செப்டம்பர் கடைசி, சிகாகோல அக்டோபர், நியூயார்க்ல நவம்பர் முதல் ஞாயிறு.

செருப்பு வேண்டாம். ஈர இலை படிஞ்ச கல்தரை சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். பள்ளம் ஆழமா வெட்டின ரப்பர் அடி இருக்கிற ஷூ வேணும். உள்ள பருத்தி பனியன் போட்டா வேர்வையில நனைஞ்சு, நின்னவுடனே குளிரும். மெல்லிசான கம்பளி இல்லன்னா சிந்தெட்டிக். காத்தடிச்சா குடை பிரயோஜனமில்ல, தொப்பி வெச்ச மழைக்கோட்டு நல்லது.

மூணாவது மாடி
நன்றி. கட்டிலை அவங்களுக்கே கொடுத்துடறேன். நான் இருக்கிறது ஐரோப்பாவுல, வர்றது அக்டோபர் கடைசி வாரம். அந்த சனிக்கிழமை ராத்திரிதான் கடிகாரமும் மாறுது. ரயிலுக்குப் பிரச்சனை வருமா?

ரயிலடி
வராது. ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கிறதால, மாத்த மறந்தாலும் ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய் நிப்பீங்க, அவ்வளவுதான். டிக்கெட்டுல இருக்கிறது புது நேரம். போன் தானா மாறிடும். சுவர்க் கடிகாரம், அடுப்புக் கடிகாரம் மாறாது, சித்தி கைக்கடிகாரமும்தான். கவனிக்க வேண்டியது வேற: சனிக்கிழமை ஆறு மணிக்கு இருட்டின ஊர், ஞாயிறு அஞ்சுக்கே இருட்டிடும். ஞாயித்துக்கிழமை வெளிச் சுத்தலை ரெண்டு மணிக்கே முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து பெட்டி கட்டுங்க. அன்னிக்கு அவங்க சீக்கிரமே முழிச்சுப்பாங்க, அதனால காலை டிபனையும் ஒரு மணி நேரம் முன்னாடி தயாரா வைங்க.