ஜெர்பில் தீனியில் நான்கில் ஒரு பங்கு சூரியகாந்தி விதையா?

தினைக்கதிர் (ஈஸ்ட்ஹாம்):
ஜெர்பில் என்ற வால் நீண்ட சின்ன வளர்ப்பு எலிக்கு ஜூரோங்வாசி நேற்று எழுதிய தீனிக் கலவையைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் எழுதியது இதுதான்: "கடைப் பாக்கெட் எல்லாம் குப்பை. தினை ஒரு பங்கு, ஓட்ஸ் ஒரு பங்கு, கோதுமை ஒரு பங்கு, சூரியகாந்தி விதை ஒரு பங்கு. கலந்து வையுங்கள், ஜெர்பில் ஜம்மென்று இருக்கும்." வீட்டில் கலப்பதில் எனக்குச் சண்டை இல்லை, ஒன்பது வருடமாக நானும் கலந்துதான் போடுகிறேன். என் சண்டை அந்த நாலாவது பங்கோடு. நான்கில் ஒரு பங்கு சூரியகாந்தி விதையா? அந்தப் பருப்பில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 50 கிராம் கொழுப்பு. கால்சியம் 80 மில்லிகிராம் பக்கம்தான், பாஸ்பரஸ் அதைப்போல எட்டு மடங்கு. ஜெர்பிலின் எடையே 70, 80 கிராம், ஒரு நாளைக்குத் தின்பது ஐந்திலிருந்து எட்டு கிராம். அதில் கால்வாசியை எண்ணெய் விதையால் நிரப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் முதல் ஜெர்பிலை நான் அப்படித்தான் கெடுத்தேன். 118 கிராம் வந்தது. இரண்டு வயதைத் தாண்டவில்லை. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போடாதீர்கள்.

ஜூரோங்வாசி:
அக்கா, உங்கள் ஜெர்பில் போனதற்கு வருந்துகிறேன். ஆனால் உங்கள் ஒன்று போனதால் என் கலவை தப்பாகிவிடாது. என்னிடம் இருந்த இரண்டும் நாலு வயது வரை இருந்தன, இதே கலவைதான். விதை தின்னும் பிராணிக்கு விதை போடாமல் வேறு எதைப் போடுவது?

நீளவால்:
இரண்டு பேருமே வீட்டில் கலப்பதுதான் பிரச்சினை. பெல்லட் வாங்குங்கள். ஒவ்வொரு உருண்டையிலும் எல்லாச் சத்தும் ஒரே அளவில் இருக்கும். கலவை என்றால் அது பிடித்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியைத் தள்ளிவிடும். நீங்கள் போடும் விகிதம் வேறு, அது தின்னும் விகிதம் வேறு.

தினைக்கதிர்:
நீளவால், பொறுக்கித் தின்னும் என்பது உண்மை, அதனால்தான் நானும் சொல்கிறேன் நான்கில் ஒரு பங்கு கூடாது என்று. கால்வாசி சூரியகாந்தி கிடந்தால் அது மற்ற முக்கால்வாசியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் வெறும் பெல்லட்டைத் தட்டில் கொட்டிவிட்டால் அந்தப் பிராணிக்கு நாள் முழுக்க என்ன வேலை? தோண்டிப் புதைப்பதும் தேடி எடுப்பதும்தான் அதன் பிழைப்பே. தோலோடு உள்ள தினையைத் தூவிவிட்டால் ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து உரித்துத் தின்னும், நான் சமையலை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த ஊர்த் தமிழ்க் கடைகளில் கிடைப்பது தீட்டிய தினை, தோல் இருக்காது. தோலோடு வேண்டுமென்றால் பறவைத் தீனி விற்கும் இடத்தில் வாங்க வேண்டும்.

ஜூரோங்வாசியின் இரண்டு நாலு வயது இருந்தன என்றால் எடை என்ன? எடை போட்டீர்களா?

ஜூரோங்வாசி:
எடை போடவில்லை. சுறுசுறுப்பாக இருந்தன, அது போதும். தட்டில் எப்போதும் சூரியகாந்திதான் முதலில் காலியாகும். எது வேண்டும் என்று அதற்கே தெரியும்.

தினைக்கதிர்:
தட்டு காலியானால் தின்றுவிட்டது என்று அர்த்தமா? ஜெர்பில் வைத்திருப்பவர் பேசும் பேச்சா இது? காட்டில் குளிர்காலத்துக்குக் கிலோக் கணக்கில் வளைக்குள் சேர்த்துவைக்கும் சாதி அது. மூலையில் மண்ணைக் கிளறிப் பாருங்கள், பாதி அங்கே கிடக்கும். நீங்கள் அதைப் பார்க்காமல் தட்டு காலி என்று மறுபடியும் கொட்டியிருப்பீர்கள். அதற்கே தெரியும் என்பதும் தப்பு. என் அக்கா மகனுக்கும்தான் மிட்டாய் வேண்டும் என்று தெரியும்.

புதியவள்:
ஒரு சந்தேகம். நான்கில் ஒரு பங்கு என்பது எடையிலா, கரண்டிக் கணக்கிலா? ஓடோடு உள்ள விதையா, உரித்த பருப்பா? ஓடே எடையில் பாதி அளவுக்கு வரும் என்று நினைக்கிறேன். ஜூரோங்வாசி அண்ணா ஓடோடு கரண்டியில் அளந்தால், தினைக்கதிர் அக்கா சொல்லும் கணக்கு மாறுமே?

ஜூரோங்வாசி:
நான்கில் ஒரு பங்கு என்றால் நான்கில் ஒரு பங்குதான். இதில் என்ன குழப்பம்?

தினைக்கதிர்:
அதையேதான் நானும் சொல்கிறேன். நான்கில் ஒரு பங்கு என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

கம்பங்கூழ் (ஸ்கார்பரோ):
நான் வீட்டுக் கலவைப் பக்கம்தான். கம்பு, சாமை, குதிரைவாலி, பார்லி, கொஞ்சம் ஆளி விதை, காய்ந்த பட்டாணி, அப்புறம் முழுக் கேழ்வரகு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, மற்ற தானியம் எதுவும் பக்கத்தில் வராது. நம் பாட்டிமார் சும்மா கூழ் காய்ச்சவில்லை. சூரியகாந்தி நான் போடுவது ஒரு பிராணிக்கு நாளைக்கு இரண்டு விதை, அதுவும் கையில் வைத்துத்தான் கொடுப்பேன், பழகுவதற்கு. மற்றபடி புரதத்துக்குப் புழு போடச் சொல்கிறார்களே, எங்கள் வீட்டில் அது நடக்காது. முளைகட்டிய பயறு கொடுக்கிறேன்.

தினைக்கதிர்:
கம்பங்கூழ், கேழ்வரகு சேர்ப்பது நல்ல யோசனை, நானும் சேர்க்கிறேன். ஆனால் புழு நடக்காது என்றால் எப்படி? ஜெர்பில் பூச்சியும் தின்னும் பிராணி. காய்ந்த மீல்வார்ம் வாரத்துக்கு இரண்டு மூன்று போதும். குட்டி போட்ட தாய்க்குப் புரதம் கூடுதலாக வேண்டும்.

கம்பங்கூழ்:
எங்கள் வீடு சைவம். சாமி அறை இருக்கும் வீட்டில் புழு டப்பாவை வைக்க மாட்டோம். என் ஜெர்பில்கள் நன்றாகவே இருக்கின்றன.

நீளவால்:
வீடு சைவம், ஜெர்பில் சைவமா? அதைக் கேட்டீர்களா?

கம்பங்கூழ்:
வார்த்தையை அளந்து பேசுங்கள். நான் அதைப் பட்டினி போடவில்லை. பயறு, பட்டாணி, கோதுமை முளை எல்லாம் புரதம்தான்.

நீளவால்:
பெல்லட்டில் எல்லாம் இருக்கிறது, டப்பாவைத் திறந்தால் புழுவும் தெரியாது. இந்தச் சண்டையே வந்திருக்காது.

தினைக்கதிர்:
சைவச் சண்டையை வேறு இடத்தில் வையுங்கள், ஜூரோங்வாசி இதற்குள் நழுவப் பார்க்கிறார். புழு வேண்டாம் என்றால் வெந்த முட்டையில் ஒரு நகக்கண் அளவு கொடுங்கள், அதுவும் வேண்டாம் என்றால் உங்கள் விருப்பம். ஆனால் ராஜ்மா போன்ற பெரிய பயறுகளைப் பச்சையாகப் போடாதீர்கள், அவை பச்சையாக விஷம். வெங்காயம், பூண்டு, சாக்லேட் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். வேர்க்கடலையில் பூஞ்சை நெடி லேசாக வந்தாலும் தூக்கிப் போடுங்கள். தானியத்தில் வண்டு வராமலிருக்க ஊரில் போலவே வசம்பு போட்டுவைத்தேன் என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார், அதையும் செய்யாதீர்கள். வாங்கியவுடன் பையோடு மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டைகூடச் செத்துவிடும்.

இப்போது பதில் சொல்லுங்கள் ஜூரோங்வாசி. நான்கில் ஒரு பங்கு எதற்கு?

ஜூரோங்வாசி:
அக்கா, ஜெர்பில் பாலைவனத்துப் பிராணி. காய்ந்த இடத்தில் கிடைப்பதே விதைதான். கொழுப்பு இல்லாமல் மங்கோலியக் குளிரைத் தாண்டுமா?

தினைக்கதிர்:
உங்கள் ஜெர்பில் மங்கோலியக் குளிரிலா இருக்கிறது? சிங்கப்பூரில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறது. மங்கோலியப் புல்வெளியில் கிடைப்பது சின்னச் சின்னப் புல் விதை, செடி, வேர். சூரியகாந்தி வட அமெரிக்கச் செடி. இன்று வீடுகளில் இருக்கும் ஜெர்பில்கள் 1935 வாக்கில் பிடித்து ஜப்பானுக்குக் கொண்டுபோனவற்றின் வழி வந்தவை, 1954இல்தான் அமெரிக்காவுக்கே போயின. அதற்கு முன்னால் அவற்றின் முப்பாட்டன்கள் சூரியகாந்தியை எங்கே பார்த்தார்கள்? தினை அப்படியில்லை. வட சீனாவில் பசுந்தினை என்ற காட்டுப் புல்லிலிருந்து வந்த பயிர் அது, அந்தப் புல் ஜெர்பில் வாழும் நிலத்திலேயே முளைக்கிறது. என் பெயரில் தினை இருப்பது சும்மா இல்லை.

ஜூரோங்வாசி:
அப்படியா? கம்பு எந்த ஊர்ப் பயிர்? ஆப்பிரிக்கா. கேழ்வரகும் ஆப்பிரிக்கா. இரண்டையும் நீங்களே நல்லது என்கிறீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தால் ஆகும், அமெரிக்காவிலிருந்து வந்தால் ஆகாது, என்ன நியாயம் இது?

தினைக்கதிர்:
கம்பில் கொழுப்பு 5 சதவீதம். சூரியகாந்தியில் 50. ஊரை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்.

ஜூரோங்வாசி:
ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தது நீங்கள்.

புதியவள்:
மறுபடியும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உரித்த பருப்பு 25 கிராம் என்றால் அதில் மட்டும் 12 கிராமுக்கு மேல் கொழுப்பு. ஓடோடு 25 கிராம் என்றால் ஆறு கிராம் பக்கம்தான். கரண்டியில் அளந்தால் ஓட்டுக்குள் காற்று வேறு இருக்கிறது, இன்னும் குறையும். இருவரும் வேறு வேறு அளவைச் சொல்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

வயல்வரப்பு:
எல்லோரும் ஜெர்பில் ஜெர்பில் என்று எழுதுகிறீர்களே, வெள்ளெலி என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறதே?

நீளவால்:
வெள்ளெலி என்று ஹாம்ஸ்டரைச் சொல்கிறார்கள்.

வயல்வரப்பு:
யார் சொல்வது? எங்கள் ஊர்ப் பக்கம் வெள்ளெலி என்றால் கொல்லைக்காட்டில் வளை தோண்டும் எலி, வால் நீளமாக, நுனியில் குஞ்சம் மாதிரி முடி. நம் நாட்டு ஜெர்பில் அதுதான். ஹாம்ஸ்டருக்கு வால் எங்கே இருக்கிறது? சின்ன வயதில் வளையை வெட்டி அது சேர்த்துவைத்த கதிரைப் படிக்கணக்கில் எடுத்திருக்கிறோம். அதன் பெயரைப் பிடுங்கி வாலில்லாததற்குக் கொடுத்தவர்கள் ஒரு நாளாவது வரப்பில் நடந்திருப்பார்களா?

கம்பங்கூழ்:
அந்த எலியைச் சுட்டுத் தின்பார்கள் என்று எழுதிவிடாதீர்கள். என் மகளும் இதைப் படிக்கிறாள்.

வயல்வரப்பு:
தின்பார்கள்தான். உண்மையைச் சொல்ல எனக்கு என்ன தயக்கம்?

தினைக்கதிர்:
வெள்ளெலி விவாதம் போன வருடமே நடந்தது, நூறு பதிவு போயிற்று, ஒன்றும் முடியவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் வயல்வரப்பு: வளையில் சேர்த்துவைத்தது கதிர். தானியக் கதிர். நான்கில் ஒரு பங்கு சூரியகாந்தி இருந்ததா?

வயல்வரப்பு:
எங்கள் ஊரில் சூரியகாந்தி விதைக்கவில்லை. கேழ்வரகும் சோளமும்தான்.

ஜூரோங்வாசி:
விதைத்திருந்தால் அதையும் எடுத்திருக்கும்.

சிறுவளை:
என் ஜெர்பிலுக்குக் கையில் எடுக்கும்போது வலிப்பு மாதிரி வருகிறது. சூரியகாந்தி அதிகமாகப் போட்டதாலா?

நீளவால்:
இருக்கலாம். கண்ட கலவையும் போட்டால் இப்படித்தான்.

தினைக்கதிர்:
இல்லை நீளவால், தெரியாததைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். ஜெர்பில்களில் வலிப்பு பரம்பரையாக வருவது, திடீர் சத்தம், புது இடம், கையாளுவது எல்லாம் கிளப்பிவிடும். சிறுவளை, வலிப்பு வரும்போது தொடாமல் அமைதியாக விடுங்கள், தானே தெளியும். அடிக்கடி வந்தால் சின்னப் பிராணிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த ஒரு குற்றத்தைச் சூரியகாந்தி மேல் நான் போட மாட்டேன். கொழுப்பு, கால்சியம், அதுதான் என் வழக்கு.

ஜூரோங்வாசி:
ஆக, சூரியகாந்தி நிரபராதி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தினைக்கதிர்:
வலிப்பில் என்றேன். இப்படி வார்த்தையைத் திருப்புவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ஜெர்பில் புரண்டு உடம்பைச் சுத்தம் செய்துகொள்ளும் மணல் குளியலைப் பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். சின்சில்லா என்ற இன்னொரு வளர்ப்புப் பிராணிக்கு விற்கும் பவுடர் மாதிரித் தூளை வாங்கிப் போடுங்கள் என்றீர்கள், நுரையீரல் கெடும், மணல்தான் வேண்டும் என்று நான் எழுதியபோது "இரண்டும் ஒன்றுதான்" என்று முடித்துவிட்டீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் அந்தத் தூளைக் கொட்டினார்களோ. நான் அதை மறக்கவில்லை.

ஜூரோங்வாசி:
அதை இன்னுமா மனசில் வைத்திருக்கிறீர்கள்? நானும் மறக்கவில்லை அக்கா, அன்றைக்கு எல்லோர் முன்னாலும் என்னை "அரைகுறை" என்றீர்கள். பத்து வயதிலிருந்து பிராணி வளர்க்கிறேன். ஊரில் ஆடு, கோழி, இங்கே முயல், ஜெர்பில். புத்தகம் படித்து வளர்க்கவில்லை.

தினைக்கதிர்:
நானும் புத்தகம் படித்து ஆரம்பிக்கவில்லை. படித்திருந்தால் முதல் ஜெர்பில் இன்னும் இரண்டு வருடம் இருந்திருக்கும். அது போன பிறகுதான் சமையல் தராசை எடுத்து ஒவ்வொன்றாக எடை போட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேநீர்க் குவளைக்குள் ஏறச் சொல்லி எடை. பெண் 68, ஆண் 81, போன வாரம். தினை 30, கம்பு 15, ஓட்ஸ் 15, பார்லி 10, கேழ்வரகு 10, காய்ந்த பட்டாணி 8, காய்ந்த மூலிகை இலை 5, ஆளி 2, சூரியகாந்தி 5. கூட்டிப் பாருங்கள், நூறு வரும். பக்கத்தில் எப்போதும் வைக்கோல், தண்ணீர். பாலைவனப் பிராணிக்குத் தண்ணீர் எதற்கு என்று இங்கே ஒருவர் எழுதியதும் நினைவிருக்கிறது.

புதியவள்:
அக்கா, அந்த 5 ஓடோடா?

தினைக்கதிர்:
ஐந்து ஐந்துதான். இருபத்தைந்து இல்லை.

நீளவால்:
பெல்லட் என்றால் இந்தக் கூட்டல் எதுவும் வேண்டாம்.

ஜூரோங்வாசி:
நாளைக்குத் தேக்கா சந்தைக்குப் போகிறேன். தோலோடு உள்ள தினை ஒரு கிலோ, சூரியகாந்தி விதை அரைக் கிலோ. புது ஜோடி ஒன்று வருகிறது, பழைய கலவைதான்.

தினைக்கதிர்:
அரைக் கிலோவா? ஒன்றுக்கு அரை என்றால் மூன்றில் ஒரு பங்கு! நான்கில் ஒரு பங்கையும் தாண்டிவிட்டது!

ஜூரோங்வாசி:
ஓட்ஸும் கோதுமையும் வீட்டில் இருக்கிறது அக்கா.

தினைக்கதிர்:
எத்தனை கிராம்?