புதுப்பிப்பு: ஆத்தாவுக்குப் பல் கட்டியாயிற்று

காரைக்குடியில் இருக்கும் எங்கள் ஆத்தாவுக்குக் கீழ்த்தாடையில் இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் திருகு) போட்டு அன்றைக்கே நிலையான பல் கட்டலாம் என்கிறார்கள், துணியலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மதுரையில் செய்து முடித்தாயிற்று. நன்றாக இருக்கிறார்கள்.

நான்கு டைட்டானியம் திருகுகள். முன்னால் இரண்டு நேராக, பின்னால் இரண்டு சாய்வாக. தாடைக்குள் ஓடும் நரம்பில் படாமல் முன்பக்கத்துக் கெட்டி எலும்பைப் பிடிக்கத்தான் அந்தச் சாய்வு. காலையில் திருகு, சாயங்காலம் அதன்மேல் அக்ரிலிக் பல்வரிசை.

ஆனால் அன்றைக்குக் கட்டுவது தற்காலிகப் பல்தான். எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டி வளர 3 முதல் 6 மாதம் ஆகும், அப்புறம்தான் நிரந்தரப் பல். திருகு இறுக்கமாகப் பிடிக்காவிட்டால் அன்று பல் மாட்ட மாட்டோம் என்பதையும் டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆத்தாவுக்குச் சர்க்கரை உண்டு. அது கட்டுக்குள் வந்த பிறகே தேதி கொடுத்தார்.

இப்போதைக்கு இடியாப்பம், உளுந்தங்கஞ்சி, குழைந்த பருப்புச் சோறு. தேன்குழலும் சீப்புச்சீடையும் பரணில் ஏறிவிட்டன. பழைய பல்செட்டு ஈறில் உராய்ந்து புண்ணாகும், பேசும்போது நழுவும். அதனாலேயே விசேஷ வீடுகளில் பந்தியில் உட்காரக் கூச்சப்படுவார்கள். போன வாரம் ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, வெள்ளைப் பணியாரம் இன்னொன்று கேட்டு வாங்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பல்வரிசைக்கும் ஈறுக்கும் நடுவே சின்ன பிரஷ் விட்டுத் தினமும் சுத்தம் செய்வது கட்டாயம். வயதானவர்களுக்குக் கை வராது, வீட்டில் யாராவது பொறுப்பெடுக்க வேண்டும். நிரந்தரப் பல் கட்டியதும் எழுதுகிறேன்.