பெர்லினும் சியாட்டிலும் முடிவெடுத்த பிறகே கோவைக்குத் தெரிகிறது: எப்படிச் சரிசெய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைக் குழுவுக்கு நான் பொறுப்பாளராக இருக்கிறேன். நிரல் எழுதுபவர்கள் பெர்லினில் இருக்கிறார்கள். எதை எப்போது வெளியிடுவது என்று தீர்மானிக்கும் தயாரிப்பு மேலாளர் சியாட்டிலில் இருக்கிறார். வாரக் கூட்டம் எங்களுக்கு இரவில்தான் வருகிறது. கூட்டம் முடிந்து நாங்கள் விலகிய பின்னும் அவர்கள் இருவரும் தொடர்ந்து பேசுகிறார்கள். அண்மையில் அப்படித்தான், வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பித் தரும் முறையே மாற்றப்பட்டது. நாங்கள் எழுதி வைத்திருந்த சோதனைகளில் பெரும்பகுதி பயனற்றுப் போனதை மறுநாள் பணிகளைப் பதிவுசெய்யும் ஜிரா மென்பொருளைப் பார்த்துத்தான் அறிந்தோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மென்பொருளின் ஒவ்வொரு மூலையையும் அறிந்த இளைய சோதனையாளர்கள் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தை மேலாளர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார். பிறகு என்னிடம் தனியே வந்து, "இது நடக்காது அண்ணா" என்கிறார்கள்.

மார்ச் மாதத்தில் வேறொரு குழப்பமும் நேர்ந்தது. இரவு 9.30 மணிக்கு இருந்த கூட்டம் திடீரென்று 8.30 மணிக்குத் தொடங்கியதால் எங்களில் பலர் அதைத் தவறவிட்டார்கள். பெர்லினில் அப்போது கடிகாரமே மாறவில்லை. இவற்றையெல்லாம் குறைகூறுவதாகத் தோன்றாமல் மேலாளரிடம் எப்படி எடுத்துரைப்பது?

மறுமொழி: பெர்லினில் பணிபுரியும் நிரலாளர்

வணக்கம். மார்ச் குழப்பத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். அந்தக் கூட்டத்துக்கான நாட்காட்டி அழைப்பைச் சியாட்டில் மேலாளர் தமது நேரப்படி காலை 8 மணி என்று உருவாக்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் கோடைக்கால நேரம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைப்பது) மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு முடிகிறது. இந்தியாவில் கடிகாரம் மாறுவதே இல்லை. ஆகவே மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரங்களும், இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும், பெர்லினுக்கு வழக்கமான மாலை 5 மணிக் கூட்டம் 4 மணிக்கு வந்து நிற்கும். அழைப்பைப் பெர்லின் நேரத்தில் உருவாக்கினால் அதே வாரங்களில் சியாட்டிலுக்கு 8 மணி 9 மணியாகிவிடும். எப்படிச் செய்தாலும் ஓரிடத்தில் நேரம் இடறத்தான் செய்யும். எந்த ஊர் நேரத்தை அச்சாகக் கொள்வது என்று மூன்று குழுக்களும் ஒருமுறை பேசி முடிவு செய்யுங்கள்; மாற்றம் வரும் ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளியன்று ஸ்லாக் அரட்டைச் செயலியில் ஒரு நினைவூட்டல் இடுங்கள்.

மறுமொழி: திறமூலத் திட்டமொன்றின் பராமரிப்பாளர்

நண்பரே, கூட்ட நேரத்தை மாற்றுவதால் உங்கள் முதன்மைச் சிக்கல் தீராது என்பது என் உறுதியான கருத்து. சியாட்டிலுக்கும் கோவைக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர இடைவெளி, குளிர்காலத்தில் பதின்மூன்றரை. மூன்று ஊர்களும் விழித்திருந்து வேலை செய்யும் பொதுநேரம் என்று ஒன்று கிடையாது. எந்த நேரத்தை வைத்தாலும் யாரோ ஒருவர் களைத்த நிலையில்தான் பேச வேண்டியிருக்கும். மாற வேண்டியது, முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதே.

உலகெங்கும் சிதறிக் கிடப்பவர்கள் சேர்ந்து பணியாற்றும் அமைப்புகள் இதை வெகுநாள் முன்பே உணர்ந்துவிட்டன. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 1998இல் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 2418 என்ற ஆவணம், மின்னஞ்சல் குழுவில் பேசப்படாத ஒரு பொருள் குறித்து நேரடிக் கூட்டத்தில் முடிவு எட்டப்பட்டால், அது மின்னஞ்சல் குழுவில் மீண்டும் பரிசீலிக்கப்பட வேண்டும் என்று கட்டாயமாக்குகிறது. திறமூல மென்பொருள்களை (நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடியவற்றை) உருவாக்கும் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில் வாக்கெடுப்பைப் பொதுவாகக் குறைந்தது 72 மணி நேரம் திறந்து வைக்கிறார்கள். எந்த நிலப்பகுதியில் இருப்பவருக்கும் பங்கேற்க வாய்ப்பு வேண்டும் என்பதே அதற்கு அவர்கள் கூறும் காரணம்.

உங்கள் குழுவிலும் அப்படி ஒரு வழக்கத்தைக் கேளுங்கள். கூட்டத்தில் பேசுவது முன்மொழிவு மட்டுமே. அதை அன்றே டிக்கெட்டில் (அந்தப் பணிக்கான ஜிரா பதிவில்) எழுதி, மாற்றுக் கருத்துச் சொல்லக் கெடு ஒன்றைக் குறித்து, அந்தக் கெடு கடந்த பிறகுதான் அது முடிவாக வேண்டும். எழுதும்போது என்ன மாறுகிறது என்பதோடு ஏன் மாறுகிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள், ஏனெனில் காரணம் தெரிந்தால்தான் உங்கள் சோதனையாளர் அதைவிட எளிய வழியொன்று இருந்தால் எடுத்துக்காட்ட முடியும்.

கேட்டவர்

மிக்க நன்றி. ஆனால் எங்கள் மேலாளர் விரைவை மிகவும் விரும்புபவர். 72 மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மறுமொழி: திறமூலத் திட்டமொன்றின் பராமரிப்பாளர்

அவ்வளவு நேரம் உங்களுக்குத் தேவையில்லை. பொத்தானின் நிறம் போல எளிதில் திரும்பப் பெறக்கூடியவற்றை அவர்கள் உடனே முடிவு செய்யட்டும். பணம் திருப்பித் தருவது, தரவுத்தள அமைப்பு, வெளியீட்டு நாள் போன்றவற்றுக்கு மட்டும் ஒரு முழு வேலைநாள் கேளுங்கள். அந்த வேலைநாள் உங்கள் ஊர் வேலைநாளாக இருக்க வேண்டும். சியாட்டிலில் வெள்ளி நண்பகல் எழுதப்படும் குறிப்பு உங்களை வந்தடையும்போது சனிக்கிழமை பிறந்துவிட்டிருக்கும்.

மேலாளருக்கு எழுதும்போது உங்கள் மனவருத்தத்தை முன்வைக்காமல் இழப்பை முன்வையுங்கள். அந்த மாற்றத்தால் எத்தனை சோதனைகளைத் திருத்தி எழுத நேர்ந்தது, வெளியீடு எவ்வளவு பின்தங்கியது, ஒரு நாள் முன்பே தெரிந்திருந்தால் எவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்று சொல்லி, பிறகு உங்கள் வேண்டுகோளை ஒரே வாக்கியத்தில் வையுங்கள். விரைவை விரும்புபவருக்கு, இழந்த நேரத்தைக் காட்டுவதைவிட வலுவான வாதம் வேறில்லை.

மறுமொழி: சென்னையில் குழுத் தலைவராக உள்ள ஒருவர்

இளையவர்களின் மௌனத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. அது அச்சத்தால் மட்டும் வருவதன்று. கூட்டத்தின் இறுதியில் "ஏதேனும் ஐயம் உண்டா" என்று பொதுவாகக் கேட்டால், பெரியவர்கள் இருக்கும் இடத்தில் முந்திக்கொண்டு பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் பேச மாட்டார்கள். வேகமான ஆங்கில உச்சரிப்பைப் புரிந்துகொண்டு வாக்கியத்தைக் கோப்பதற்குள் அடுத்த பேச்சும் தொடங்கிவிடும். முன்மொழிவைக் கூட்டத்துக்கு முதல் நாளே பெற்று, அவரவர் பகுதிக்குரிய கருத்தை டிக்கெட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். கூட்டத்தில் மேலாளர் அந்தக் குறிப்பைச் சுட்டி, "பணம் திருப்பித் தரும் பகுதியில் நீங்கள் எழுதியிருப்பதை விளக்குங்கள்" என்று அழைத்தால் அவர்கள் நன்றாகவே பேசுவார்கள்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் உங்களிடம் தனியே சொல்வதை நீங்களே மேலாளரிடம் கொண்டுசேர்க்கும் வழக்கம் நிலைத்துவிட்டால், அவர்களுடைய திறமை சியாட்டிலுக்குத் தெரியாமலே போய்விடும். பதவி உயர்வு பேசப்படும்போது அது அவர்களைத்தான் பாதிக்கும். அவர்கள் பெயரிலேயே எழுதட்டும்.

கேட்டவர்

இது என் மனத்தில் ஆழமாகத் தைத்தது. அனைவரின் கருத்தையும் சேர்த்து மேலாளருக்கு இப்படி எழுத இருக்கிறேன்: "பணம் திருப்பித் தரும் முறை மாறியதால் நாங்கள் திருத்த நேர்ந்த சோதனைகளின் பட்டியலை இணைத்துள்ளேன். இனி இத்தகைய மாற்றங்களை டிக்கெட்டில் முன்மொழிவாக எழுதி, கோவையில் ஒரு வேலைநாள் கடந்த பின் உறுதிசெய்ய வேண்டுகிறேன். அதற்குள் எங்கள் சோதனையாளர்கள் தத்தம் பெயரில் கருத்தை எழுதிவிடுவார்கள். கெடு 4/3, மாலை 6 மணி ஐ.எஸ்.டி. என்பது போல ஒவ்வொரு டிக்கெட்டிலும் இருந்தால் போதும்."

மறுமொழி: பெர்லினில் பணிபுரியும் நிரலாளர்

கடிதம் தெளிவாக உள்ளது. கடைசி வரியை மட்டும் மாற்றுங்கள். 4/3 என்பதை நாங்கள் மார்ச் 4 என்றும் சியாட்டிலில் ஏப்ரல் 3 என்றும் படிப்போம், இந்திய நேரத்தைக் குறிக்க நீங்கள் எழுதிய ஐ.எஸ்.டி. என்ற சுருக்கம் அயர்லாந்து நேரத்துக்கும் இஸ்ரேல் நேரத்துக்கும்கூட வழங்குகிறது. "மார்ச் 4, புதன், கோயம்புத்தூர் நேரம் மாலை 6 மணி" என்று முழுமையாக எழுதிவிடுங்கள்.