அப்பாவுக்கு இரவில் மட்டும் ஆக்ஸிஜன் குறைகிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. பழைய புகைப்பழக்கம், விட்டு பத்து வருஷமாச்சு. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கிற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பகலில் 95, 96 காட்டுகிறது. தூங்கும்போது மாட்டிப் பார்த்தால் 87, 88 வரை இறங்கி, கொஞ்ச நேரத்தில் தானே ஏறிவிடுகிறது. பயங்கரக் குறட்டை வேறு.

முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன். விரல் வழியாகச் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் செலுத்தி, ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துக் கணக்கிடுகிற சாதனம்தானே! விரல் சில்லிட்டிருந்தாலோ அசைந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, விரல் மாற்றி, ஒரு நிமிஷம் பொறுத்தும் பார்த்தேன். அதே கதைதான். என் விரலில் 98.

டாக்டர் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதோ, இரண்டும் சேர்ந்தோ இருக்கலாம் என்கிறார். தூக்கப் பரிசோதனையும், மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து வாயு அளவு பார்ப்பதும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் போகிறோம்.

தமனியில் ஊசி குத்துவது ரொம்ப வலிக்குமா? அப்பா ஊசி என்றாலே முகம் திருப்புகிறவர். வீட்டிலேயே செய்யும் தூக்கப் பரிசோதனை போதுமா, மருத்துவமனையில் ஓர் இரவு தங்குவதுதான் நல்லதா? நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு ஆக்ஸிஜன் அதிகமாகக் கொடுத்தால் கரியமில வாயு தேங்கும், ஆக்ஸிமீட்டரில் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று படித்தேன். உங்கள் வீட்டில் டாக்டர் என்ன அளவு சொன்னார்?