முதல் டிரெய்லர்: குளிர்பெட்டியா, திறந்த தளமா?

புதுஉரிமையாளர்:
இத்தனை காலம் அடுத்தவர் வண்டியை ஓட்டினேன். இப்போது இழுவை வண்டி ஒன்று சொந்தமாகிவிட்டது. பின்னால் எந்த டிரெய்லரை மாட்டுவது என்பதில்தான் குழப்பம். சரக்கைக் குளிரிலேயே கொண்டுபோகும் குளிர்பெட்டிக்குக் கிலோமீட்டர் வாடகை மற்றதைவிட அதிகம் என்கிறார்கள். சுவரும் கூரையும் இல்லாத திறந்த தளத்துக்கு முதலீடு குறைவு. சாதாரண மூடிய பெட்டிக்கு லோடு எங்கும் கிடைக்கும், ஆனால் வாடகை அடிமாட்டு விலை. ஒற்றை வண்டிக்காரன் எதில் இறங்கலாம்? என் மனம் குளிர்பெட்டிப் பக்கம்தான் சாய்கிறது.

பனிமூட்டம்:
சரியான பக்கம்தான் சாய்கிறது. கட்டுமானம் படுத்தால் திறந்த தளத்தில் ஏறும் இரும்பு லோடும் படுத்துவிடும். பாலும் மீனும் மருந்தும் அப்படி நிற்பதில்லை. திரும்பும்போது குளிர் லோடு கிடைக்காவிட்டால் குளிர் இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சாதாரணச் சரக்கை ஏற்றிக்கொள்ளலாம். திறந்த தளத்தில் அட்டைப்பெட்டி ஏற்ற யார் தருவார்கள்?

சங்கிலிக்காரர்:
சாதாரணச் சரக்கை ஏற்றலாம், மறுக்கவில்லை. ஆனால் காப்புச்சுவரும் முன்னால் மாட்டிய இயந்திரமும் எடையைத் தின்றுவிடும். அதே மொத்த எடை வரம்புக்குள் சாதாரணப் பெட்டிக்காரர் உங்களைவிட அதிகம் ஏற்றுவார். வாசனையுள்ள சரக்கை ஒருமுறை ஏற்றிவிட்டால், அடுத்த உணவுக்காரர் கதவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்புவார்.

தம்பி, இன்னொன்றையும் யோசியுங்கள். குளிர்பெட்டி வாங்கினால் இரண்டு இயந்திரங்களுக்கு டீசல், இரண்டு இயந்திரங்களுக்குப் பழுது. நடுவழியில் வண்டி நின்றால் விடியும்வரை காத்திருக்கலாம். குளிர் இயந்திரம் நின்றால், மைனஸ் 18 டிகிரியில் போக வேண்டிய மீன் காத்திருக்காது. பத்து வண்டி வைத்திருப்பவர் ஒரு லோடு நஷ்டத்தைத் தாங்குவார். ஒரு வண்டிக்காரருக்கு அது பல மாதத் தவணை.

பனிமூட்டம்:
லோடு கெட்ட கதைகளில் பாதி, ஏற்றும் இடத்திலேயே தொடங்கியவை. அந்த இயந்திரம் சரக்கைக் குளிரவைப்பதற்கானது அல்ல; குளிர்ந்து வந்த சரக்கை அப்படியே வைத்திருப்பதற்கானது. இதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெட்டியை முன்கூட்டியே குளிரவைத்துவிட்டு வாருங்கள். கதவு திறந்திருக்கும்போது இயந்திரம் ஓடக்கூடாது. ஓடினால் வெளிக்காற்றின் ஈரத்தை இழுத்து உள்ளே சுருளில் பனி கட்டிவிடும். வெப்பமானியை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே செருகிப் பாருங்கள். தெரிகிற எண்ணைச் சரக்குச் சீட்டில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். கூரையருகே உள்ள சிவப்புக் கோட்டுக்கு மேல் அடுக்கவிடாதீர்கள், தரைப் பள்ளங்களை அடைக்கவிடாதீர்கள். காற்று சுற்றிவரும் வழி அதுதான். பதிவுக் கருவியின் வெப்பநிலைப் பட்டியல் கையில் இருந்தால் பாதி வழக்குகள் உங்கள் பக்கம்.

சங்கிலிக்காரர்:
இவ்வளவும் செய்துவிட்டு, குளிர்க்கிடங்கு வாசலில் வரிசையில் அரைநாள் நிற்க வேண்டும். காத்திருந்த நேரத்துக்கான ஹால்டிங் தொகையைக் கேட்டால் "அடுத்த நடையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். இரும்பு லோடு என்றால் கிரேன் வந்து தூக்கிவிட்டுப் போய்விடும்.

திறந்த தளத்தில் காசு வருவது சரக்கை இறுக்கிக் கட்டும் வேலைக்காக. கடும் பிரேக்கில் சரக்கின் எடையில் 80 சதவீதத்துக்குச் சமமான விசை முன்னோக்கித் தள்ளும், பக்கவாட்டில் 50 சதவீதம் என்று கணக்கிட்டுக் கட்ட வேண்டும் என்பதே பல நாடுகளின் விதி. 20 டன் இரும்புச் சுருள் என்றால் 16 டன் உங்கள் முதுகை நோக்கி வருகிறது. சங்கிலி எத்தனை, எந்தக் கோணத்தில், விளிம்பில் எந்தக் காப்பு என்று தெரிந்தவர்கள் குறைவு. அதனால் வாடகையை அடித்துப் பேச வருபவர்களும் குறைவு. மழையில் தார்ப்பாய் போடும்போது மட்டும் என்னை எதுவும் கேட்காதீர்கள்.

துறைமுகப்பாதை:
கன்டெய்னரை யாரும் சொல்லவில்லையே? சக்கரத்தோடு வெறும் இரும்புச் சட்டகம் போதும், பெட்டி நம்முடையது அல்ல. 1956இல் அந்தப் போக்குவரத்தைப் பெரிதாகத் தொடங்கிவைத்த மால்கம் மெக்லீனே லாரித் தொழில்காரர்தான்.

சங்கிலிக்காரர்:
அவர் அதற்கு முந்தைய ஆண்டே லாரி நிறுவனத்தை விற்றுவிட்டுக் கப்பலுக்கு மாறிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணக்கம்மா:
வீட்டுக்காரர் ஓட்டுகிறார், கணக்கு என் கையில். கிலோமீட்டர் வாடகை என்று கேட்பதே தவறான கேள்வி. வீட்டைவிட்டுப் புறப்பட்டு மறுபடி வீடு வரும்வரை ஓடிய மொத்தத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். போகும் 600 கிலோமீட்டருக்குத் தலா நூறு ரூபாய், வரும் 600 காலி என்றால், கிலோமீட்டருக்குக் கையில் நிற்பது ஐம்பது. போகும்போது எழுபது, திரும்பும்போது 500 கிலோமீட்டருக்கு மட்டும் தலா அறுபது ரூபாய்க்கு லோடு என்றால், மொத்தம் 1,200 கிலோமீட்டருக்கும் சராசரி அறுபது. எழுபதுக்காரர்தான் முன்னால் நிற்கிறார். குளிர்பெட்டி என்றால் இரண்டாவது டீசலையும் கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பணம் எத்தனை நாளில் வருகிறது? சரக்கு கொடுப்பவர் ஒரே ஆளா, நான்கு பேரா? ஒரே ஆளை நம்பினால் பெயர்தான் சொந்த வண்டி. உங்கள் ஊரைச் சுற்றி என்ன புறப்படுகிறது, போகும் இடத்திலிருந்து என்ன திரும்புகிறது என்று சொல்லுங்கள், மற்றதைப் பேசலாம்.

பனிமூட்டம்:
கணக்கு சரி. ஆனால் குளிர்பெட்டி காலியாகத்தான் திரும்பும் என்று யார் சொன்னது? துறைமுகத்துக்கு உறைந்த மீன், திரும்ப இறக்குமதிப் பழம். வழித்தடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

சங்கிலிக்காரர்:
பழம் பருவத்தில் வரும். பருவம் முடிந்ததும் தவணையும் முடிந்துவிடுமா?

புதுஉரிமையாளர்:
நன்றி அக்கா. எங்கள் பகுதியில் குளிர்க்கிடங்கு இரண்டு, இரண்டுக்கும் ஒரே முதலாளி. இரும்புக் கிடங்கு சில இருக்கின்றன. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து திரும்ப ஏற்ற என்ன கிடைக்கும் என்று விசாரிக்கவே இல்லை. எதையும் வாங்காமல், ஒரு பருவத்துக்குக் குளிர்பெட்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கலாமா?

கணக்கம்மா:
எடுங்கள். பழுதுச் செலவு யாருடையது, வழியில் இயந்திரம் நின்று சரக்கு கெட்டால் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். காப்பீடு குளிர் இயந்திரப் பழுதையும் சேர்த்துக்கொள்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

பனிமூட்டம்:
இயந்திரத்தில் ஓடிய மணிக்கணக்கைப் பாருங்கள். டிரெய்லர் ஓடிய தூரம் அதன் தேய்மானத்தைச் சொல்லாது. பகலில் உள்ளே நின்றுகொண்டு கதவை மூடச் சொல்லுங்கள். விளிம்பில் எங்காவது வெளிச்சம் தெரிந்தால் ரப்பர் போய்விட்டது.

சங்கிலிக்காரர்:
வெளியே நம்பிக்கையான ஆளை நிறுத்திவிட்டு உள்ளே போங்கள் தம்பி.