மாண்டோலா விரிசல் – புதுப்பிப்பு

நவம்பரில் இங்கே எழுதியிருந்தேன்: இலங்கை மலைநாட்டு ஹட்டனில் வீட்டிலேயே மாண்டோலா (மாண்டலினைவிடப் பெரிய கம்பி வாத்தியம்) செய்கிறேன், முன்பலகை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், பின்பலகையும் பக்கங்களும் பலா, விரல்பலகை கருங்காலி என்று. அடைமழையில் ஒட்டாதே என்று இரண்டு பேர் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை.

பெப்ரவரியில் வெயில் ஏறியதும் ஒரு ராத்திரி ‘டக்’ என்று சத்தம். விடிந்து பார்த்தால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழே விரல் நீள விரிசல், மர ரேகையோடு ரேகையாக. மரம் காய்ந்தால் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும். நீளத்தில் அவ்வளவாக இல்லை. ஈரத்தில் உப்பியிருந்த பலகையைச் சுற்றிலும் ஒட்டிப் பூட்டியது நான்தான்; காய்ந்தபோது சுருங்க வழியில்லாமல் பிளந்துவிட்டது.

பக்கத்து லயத்துத் தச்சு பாஸ் பார்த்துவிட்டு, “தம்பி, சும்மா கம் பூசாதீங்க, திரும்பத் திறந்துக்கும்” என்றார். அதே ஸ்ப்ரூஸில் தீக்குச்சியைவிட மெல்லிய சிம்பு சீவி விரிசலுக்குள் இறக்கினோம். உள்ளே விரிசலுக்குக் குறுக்காக மூன்று சின்ன மரத்துண்டுகள் ஒட்டினோம். ஒலித்துளையில் என் கை நுழையாது. பாஸுடைய சின்ன மகள்தான் கையை விட்டுத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டாள்.

நேற்று எட்டுக் கம்பியும் ஏற்றியாச்சு. கீழிருந்து சி, ஜி, டி, ஏ, இரண்டிரண்டாக. மாண்டலினைவிட ஸ–ப இடைவெளி கீழே. பலாவின் கனமோ என்னவோ, சி கம்பி நல்ல ஆழமாக முழங்குகிறது. விரல்பலகையின் மூன்றாம் கட்டையில் (ஃப்ரெட்) மட்டும் இன்னும் இரைகிறது.

கிரவீலியா (சில்வர் ஓக் மரம்) ஏன் போடவில்லை என்று கேட்டவருக்கு: அடுத்ததுக்குப் பலகை அறுத்துப் பரணில் காயவைத்திருக்கிறேன். சரியான பக்கமாக அறுத்தால் அதில் வெள்ளிச் செதில் மினுங்கும். இந்தத் தடவை மழை முடியும்வரை கம் போத்தலைத் தொடமாட்டேன்.